வீடுள்ள செல்வநாயகிக்கு ஓர் அறை

செல்வநாயகி வீடற்றவர் அல்லர். இந்தச் சின்ன விஷயத்தைப் பிரதேச சபைக்கு விளங்கப்படுத்துவதில் அவருக்கு ஒரு வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. வீடு இருந்தது. காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, விறாந்தை வைத்த கல்வீடு. கூரையில் கொஞ்சம் போயிருக்கலாம்; ஆனாலும் வீடு வீடுதான். அதில் இருந்த ஒரே குறை, அது இராணுவ வேலிக்கு உள்ளே இருந்தது, செல்வநாயகி வெளியே இருந்தார்.

வெளியே என்றால் அச்சுவேலிப் பக்கம், கனடாவில் இருக்கும் ஒருவருடைய தோட்டக் காணியின் மூலையில் ஒரு தகரக் கொட்டில். கணவர் ஆழ்வாப்பிள்ளையும் அவரும் அங்கேதான் பல வருடமாக இருந்தார்கள். செல்வநாயகி சந்தையில் கருவாடு விற்றார். ஆழ்வாப்பிள்ளை யார் எதற்குக் கூப்பிட்டாலும் போனார். இப்போது காணிக்காரர் காணியை விற்றுவிட்டார். வாங்கியவர் அதில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். ஆவணி பிறந்ததும் அத்திவாரம் வெட்டுவார்களாம். அதற்குள் கொட்டிலைக் கழற்ற வேண்டும். பிரதேச சபை, தங்க இடமில்லாதவர்களுக்கென்று ஓர் இல்லம் அமைக்கத் திட்டம் போட்டதும் இதே காலத்தில்தான். இப்படி ஒன்றோடொன்று பொருந்தி வந்த எதையும் செல்வநாயகி வாழ்நாளில் நம்பியதில்லை.

திட்டம் நல்ல திட்டம். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய உரக் களஞ்சியத்தைத் திருத்தி, ஒரு பக்கத்தைச் சந்தைக் கட்டடத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் படுத்துக் கிடப்பவர்கள் இரவில் தங்குவதற்கு விடுவது. மறுபக்கத்தில் குடும்பங்களுக்கு நான்கு அறைகள், ஒவ்வொன்றுக்கும் சமைக்க ஒரு குசினி. ஒரு குடும்பம் ஆகக் கூடியது இரண்டு வருடம் இருக்கலாம். அதற்குள் நிரந்தர இடம் தேடிக்கொள்ள சபை உதவும். தேவையானவர்களைக் கண்டு கதைக்க அபிவிருத்தி உத்தியோகத்தர் தக்சாயினி அனுப்பப்பட்டார். அவர் கொட்டிலுக்கு வந்தபோது செல்வநாயகி சீலாக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்குச் சொந்த வீடு இல்லைத்தானே?"

"ஆர் சொன்னது?"

தக்சாயினி கொட்டிலைப் பார்த்தார். "அப்ப இருக்கோ?"

"ஓம். மூண்டு அறை, விறாந்தை, குசினி. நல்ல தண்ணிக் கிணறு."

"எங்கை?"

"உள்ளுக்கை."

"அப்ப இப்ப அதிலை ஆர் இருக்கினம்?"

"அதை உங்கடை ஆக்களிட்டைத்தான் கேக்க வேணும்."

"எங்கடை ஆக்கள் எண்டால்?"

"அரசாங்கம்."

தக்சாயினி, வேலை கேட்டு மற்றப் பட்டதாரிகளோடு மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தவர். தன்னை ஒருவர் அரசாங்கம் என்று சொன்னது அவருக்கு அதுவே முதல் தடவை. கவலைப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் ஒரு முக்காலியில் இருந்தார்.

"சரி அம்மா. வீடிருக்கு. ஆனால் இருக்க இடமில்லை. அப்பிடி எழுதட்டோ?"

"அப்பிடி எழுதினால் பேந்து அந்த வீடு ஆருக்கு?"

இதுதான் செல்வநாயகியின் கேள்வி. அன்றைக்குப் பிறகும் அவர் இதைத்தான் வெவ்வேறு உருவத்தில் கேட்டார். சபை தரும் அறைக்குப் போனால், இவவுக்கு வீடு குடுத்தாச்சு, இனி உள்ளுக்குள்ளே இருக்கும் வீடு எதற்கு என்று ஒரு நாள் யாரோ ஒருவர் கேட்பார். கேட்பவர் தக்சாயினியாக இருக்கமாட்டார், சபைத் தலைவரான தவிசாளராகவும் இருக்கமாட்டார். முகம் தெரியாத, மேலே எங்கேயோ இருக்கிற ஒருவராக இருப்பார். செல்வநாயகிக்கு அவரை நன்றாகத் தெரியும்.

தக்சாயினி அப்படி ஒன்றும் நடக்காது என்றார். எழுத்தில் தருவீர்களா என்று செல்வநாயகி கேட்டார். ஓம், தரலாம் என்றார் தக்சாயினி, உடனேயே.

அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன பிறகு செல்வநாயகி கணவரிடம் சொன்னார்: "பாத்தியளே? கேட்ட உடனை தாறன் எண்டுறாள். அதிலை என்னவோ கிடக்கு."

சந்தேகம் சிலருக்குப் பிறவிக்குணம். செல்வநாயகிக்கு அது படித்துப் பெற்றது. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் சொன்னார்கள். அவருடைய தாய் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு வந்தார், திரும்பி வந்து சாப்பிடலாம் என்று. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். இது தற்காலிகம் என்றார்கள். பிறகு தென்மராட்சி, பிறகு வன்னி, பிறகு திரும்பவும் இங்கே ஒரு நலன்புரி நிலையம். தாய் அந்த நிலையத்தில்தான் தற்காலிகமாக இருக்கும்போது செத்துப்போனார்.

இந்த அலைச்சலில் செல்வநாயகி ஒரு கணிப்பு முறையைக் கண்டுபிடித்தார். வருகிற அதிகாரி என்ன சொல்கிறார் என்று கேட்பதில்லை. அவர் என்ன சாமான் கொண்டுவந்து இறக்குகிறார் என்று பார்ப்பது. தறப்பாள் தந்தால் சில மாதம். தகரம் தந்தால் சில வருடம். சீமெந்து வந்து இறங்கினால் ஊருக்குப் போகும் எண்ணத்தை மூட்டை கட்டிவிடலாம். நலன்புரி நிலையத்தில் அவர்களுக்குச் சீமெந்துக் கக்கூசு கட்டிக் கொடுத்த நாளில் மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள், செல்வநாயகி அழுதார். அவர் பயந்தது போலவே அந்தக் கக்கூசு இற்றுப்போகும் வரை அங்கே இருந்தார்கள்.

ஆகவே, சபையின் அறைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்த ஆழ்வாப்பிள்ளை கொண்டுவந்த செய்தி அவரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசிக்கலாம்.

"இஞ்சை பார் நாயகி, மாபிள் பதிச்சிருக்கிறாங்கள்! கால் வழுக்குது!"

"மாபிளோ?"

"ஓம். வெள்ளை மாபிள். குசினிக்கும்."

செல்வநாயகி கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். "அப்ப எங்களைச் சாகுமட்டும் அதுக்கை வைச்சிருக்கப் போறாங்கள்."

"உனக்கு விசர். நல்லதாக் குடுத்தாலும் குற்றம்."

"கூடாததாக் குடுத்திருந்தால் நம்பியிருப்பன்."

ஆழ்வாப்பிள்ளைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப்பட்ட நியாயம் இருந்தது. வேலிக்கு உள்ளே இருக்கும் வீடு செல்வநாயகிக்குத் தகப்பன் கட்டிய சீதன வீடு. ஆழ்வாப்பிள்ளையின் வீடு அதற்குப் பின்வளவு. ஊரில் இருந்தவரை இரண்டு குடும்பமும் எல்லையில் நட்ட கதியால் தடிகளைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள், சம்பந்தம் செய்வதைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. அகதியான பிறகு, எல்லையும் கதியாலும் வேலிக்கு உள்ளே போனதால், பகைக்குக் காரணம் இல்லாமல் போய்க் கல்யாணம் நடந்தது. கல் வீடு சீதனம் என்று முற்றாக்கினார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தன்னுடைய சீதன வீட்டில் ஒரு நாள்கூடப் படுத்து எழும்பாத மாப்பிள்ளை அவர். அந்தப் பொறுமைக்கு ஒரு மாபிள் தரை அதிகமில்லை என்பது அவருடைய எண்ணம்.

இல்லம் எங்கே அமைகிறதோ அந்த அயலவர்களின் கருத்தைக் கேட்கச் சபை ஒரு கூட்டம் வைத்தது. இது சட்டப்படி தேவையோ இல்லையோ, தவிசாளர் கனகசபாபதி அப்படிப்பட்ட மனிதர். பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். எல்லோரும் எல்லாவற்றையும் மனந்திறந்து பேசினால் தீராத பிரச்சினை இல்லை என்று நம்புபவர். கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். மனம் மட்டும் திறக்கவில்லை.

அயலவர்கள் தோட்டக்காரர்கள். வெங்காயமும் மிளகாயும் வைப்பவர்கள். அவர்கள் வாகன நெரிசலைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், அந்த ஒழுங்கையில் நாளொன்றுக்கு இரண்டு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளவாய்க்காலைப் பற்றிப் பேசினார்கள். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் இருந்த பொதுக்கிணற்றைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கடற்கரை ஆட்கள் வந்து அதில் அள்ளுவார்களா என்பதைத் தவிர வேறு எதையும் ஒருவரும் நினைக்கவில்லை என்பது, அதைச் சொல்லாமல் விட்ட விதத்திலேயே தெரிந்தது.

கிணற்றுக்கு அடுத்த காணிக்காரி பூரணம் எழும்பினார். "ரெண்டு வரியம் எண்டு சொல்லுறியள். ரெண்டு வரியத்தாலை போகாட்டி?"

"போவினம் அம்மா. அதுதான் திட்டம்," என்றார் தவிசாளர்.

"நீங்கள் சொல்லுறியள். உவை ஒருக்கா வந்தால் போவினமோ?"

பின்னுக்கு இருந்த செல்வநாயகி எழும்பினார். எல்லோரும் சண்டையை எதிர்பார்த்துத் திரும்பினார்கள்.

"ஐயா, அதுதான் என்ரை கேள்வியும். ரெண்டு வரியத்தாலை எங்களைப் போக விடுவியளோ?"

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். அயலவர்கள் செல்வநாயகி போகமாட்டார் என்று பயந்தார்கள். இவர் தன்னைப் போக விடமாட்டார்கள் என்று பயந்தார். இரண்டு பயமும் ஒரே பயம் என்பது அங்கே ஒருவருக்கும் தட்டுப்படவில்லை. பூரணம் மட்டும் செல்வநாயகியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு இருந்தார். உவள் என்ன நாடகம் போடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது செல்வநாயகிக்கும் கேட்டது.

ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மண்டபம் கட்டுபவர் கொட்டிலைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார். வேறு இடம் கிடைக்கவில்லை. செல்வநாயகி, போவதென்று முடிவெடுத்தார். முடிவெடுத்தாரே தவிர நம்பவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தக்சாயினி முகம் நிறையச் சிரிப்போடு வந்தார்.

"அம்மா, ஆவணியிலை நல்ல நாள் பாத்திருக்கிறம். நீங்கள்தான் முதல் குடும்பம். திறப்பு விழாவிலை உங்கடை கையாலை பால் காய்ச்சிறதெண்டு தவிசாளர் ஐயா தீர்மானிச்சிட்டார். பேப்பர்க்காரரும் வருவினம்."

செல்வநாயகிக்கு முகம் கறுத்துப்போனது. "என்ரை கையாலையோ?"

"ஓம். உங்களைக் கௌரவிக்கத்தான்."

"நான் பால் காய்ச்சமாட்டன்."

தக்சாயினி படித்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், புதுவீடு குடிபூரலுக்குப் பால் காய்ச்சுவதை ஆயிரம் தரம் பார்த்தவர். அவருக்கு அது சடங்கு. நல்ல படம் வரும். செல்வநாயகியின் கரைப்பக்கத்தில் அது அப்படியில்லை. அங்கே ஐயர் வரலாம், வராமல் விடலாம். காணி உறுதி முடிந்திருக்கலாம், முடியாமல் இருக்கலாம். யார் காய்ச்சிய பால் பொங்கி அடுப்பில் வழிந்ததோ, அவள் வீட்டுக்காரி. ஒருத்தி ஒரு வீட்டுக்குத்தான் காய்ச்சலாம். இரண்டாவது வீட்டுக்குக் காய்ச்சினால் முதல் வீட்டைக் கைகழுவியதாகத்தான் கணக்கு. கல் வீடு கட்டி முடிந்தபோது, சீதன வீடு என்றபடியால், தாய் அடுப்படிக்கு வராமல் நின்று செல்வநாயகியைக் கொண்டு காய்ச்சுவித்தார். அதன் பிறகு இருந்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்தக் கொட்டிலிலும் அவர் முதல் நாள் பால் காய்ச்சியதில்லை. ஆழ்வாப்பிள்ளைக்குப் பால் தேத்தண்ணி வேண்டுமென்றால்கூட இரண்டாம் நாள்தான்.

"பிள்ளை, நான் காய்ச்சிப்போட்டன். முதலே."

"எங்கை?"

"என்ரை வீட்டிலை."

தக்சாயினி போன பிறகு செல்வநாயகி முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். இத்தனை நாள் சந்தேகமாக இருந்தது இப்போது அவருக்கு நிச்சயமாகிவிட்டது. "அறையைத் தந்தமா, திறப்பைக் கையிலை தந்தமா எண்டு விடலாமெல்லே? ஏன் நான் பால் காய்ச்ச வேணும்? ஏன் பேப்பரிலை படம் வர வேணும்? நாளைக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுவாங்கள். பார், தன்ரை கையாலை பால் காய்ச்சிக் குடிபூந்தவள் எண்டு."

"பால்தானே நாயகி. நான் காய்ச்சிறன்."

"நீங்கள் காய்ச்சினால் என்ன, நான் காய்ச்சினால் என்ன? உள்ளுக்கை கிடக்கிறது உங்கடை சீதனம். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. அது வருமட்டும் எனக்கு ஒரு கூரை வேணும். அவ்வளவுதான்."

"கூரை வேணுமெண்டால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

திறப்பு விழாவன்று களஞ்சியத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வாழை கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பும் பூச்சும் எவ்வளவு போட்டும் உள்ளே இன்னும் யூரியா மணத்தது. அயலவர்களும் வந்திருந்தார்கள், எதிர்ப்பவர்கள் விழாவுக்கு வராமல் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லைத்தானே. பூரணம் முன்வரிசையில் இருந்தார். முற்றத்தில் மூன்று கல் வைத்து, புதுப்பானையில் மஞ்சள் இலை கட்டி, பால் ஊற்றி வைத்திருந்தது. செல்வநாயகி நல்ல சேலை உடுத்தி வந்து நின்றார். தவிசாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவர் வரமாட்டார் என்று தக்சாயினி எச்சரித்திருந்தார்.

தவிசாளர் நெருப்புப்பெட்டியை நீட்டினார். "பிடியுங்கோ அம்மா, நேரம் போகுது."

செல்வநாயகி கையை நீட்டவில்லை. "ஐயா, ஒண்டு கேக்கலாமோ? இது ஆற்றை வீடு?"

"சபையின்ரை."

"சபைக்கு ஆர் தலைவர்?"

"நான்தான்..."

"அப்ப வீட்டுக்காரர்தானே பால் காய்ச்ச வேணும். நாங்கள் விருந்தாடி வந்தனாங்கள். விருந்தாடி வந்த வீட்டிலை அடுப்படிக்குப் போறது மரியாதையில்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். பேப்பர்க்காரர் கமராவைத் தூக்கினார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்திய கனகசபாபதி, மறுமொழி தெரியாத பிள்ளையைப் போல ஒருமுறை தக்சாயினியைப் பார்த்தார்; தக்சாயினி பந்தலைப் பார்த்தார். வேறு வழியில்லை. தவிசாளர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் குந்தினார். வாழ்க்கையில் அடுப்பு மூட்டாத மனிதர். புகை கண்ணுக்குள் போனது. தென்னம்பாளையை எப்படி வைப்பது என்று ஆழ்வாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து சொல்லிக் கொடுத்தார்; கை வைக்கப் போனவரைச் செல்வநாயகி ஒரு பார்வையில் நிறுத்தினார். கடைசியில் பால் பொங்கித் தவிசாளர் குந்தியிருந்த பக்கமாக வழிந்தது. நல்ல சகுனம் என்றார்கள். தவிசாளர் தந்த பாலைச் செல்வநாயகி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார், விருந்தாடி குடிக்கலாம்.

அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. தவிசாளர் கண்ணீரோடு பால் காய்ச்சுகிறார், கீழே 'உணர்ச்சிவசப்பட்டார்' என்று எழுதியிருந்தது. லண்டனிலிருந்து இரண்டு பேர் தவிசாளரைக் கூப்பிட்டுப் புதுவீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கடை வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது கூட்டமிருக்கென்று எட்டியும் பார்க்காத மனுசன் என்று அவருடைய மனைவி ஒரு கிழமை கதைக்கவில்லையாம்.

ஆனால் அந்தப் பாலின் பொருளை முழுதாக விளங்கிக்கொண்டவர் தவிசாளர் அல்லர், பூரணம். அவர் அன்று பின்னேரமே மதிலடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"இஞ்சருங்கோ, அப்ப மெய்யாவே நீங்கள் இருக்க வரேல்லையோ?"

"இல்லை."

"எப்ப போவியள்?"

"எங்கடை வேலியைத் திறந்தால் அண்டைக்கே."

"திறக்காட்டி?"

"திறக்காட்டி நான் என்ன செய்ய? இஞ்சைதான் கிடப்பன்."

பூரணம் மதிலில் கையூன்றினார். "அதுக்கு நீங்கள் என்ன செய்யுறியள்? கேக்கிறனீங்களோ?"

"மாசம் ஒருக்கா காணிக்காரர் எல்லாரும் வேலியடியிலை போய் நிக்கிறனாங்கள். ஒரு இருபது முப்பது பேர்."

"அவ்வளவு பேர்தானோ?" என்றார் பூரணம், தன்னுடைய வெங்காயத்துக்கு யாரோ குறைந்த விலை சொன்ன மாதிரி. "அது காணாது."

அடுத்த தடவை வேலியடிக்குப் போகச் செல்வநாயகியும் ஆழ்வாப்பிள்ளையும் பஸ்ஸுக்கு நின்றபோது, இரண்டு ஹயஸ் வான் வந்து நின்றன. உள்ளே முழுக்க ஒழுங்கை ஆட்கள். பூரணம் முன் இருக்கையில் இருந்தார். வெயிலுக்குக் குடை, குடிக்கத் தண்ணீர், சத்தம் போட ஒரு மைக் கூட இருந்தது. தவிசாளரையும் பிடித்து ஏற்றியிருந்தார்கள்.

"ஏறுங்கோ," என்றார் பூரணம்.

செல்வநாயகி ஏறவில்லை. "உவை ஏன் வருகினம்?" என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"எங்களுக்கு ஆதரவா."

"அதுதான் ஏன் எண்டு கேக்கிறன்."

"நீ பேசாமல் ஏறு."

வேலியடியில் அன்றைக்குப் போல் ஒருநாளும் கூட்டம் இருந்ததில்லை. பத்திரிகைகள் அதைத் தோட்டக்காரருக்கும் கடற்கரை மக்களுக்கும் இடையில் மலர்ந்த ஒற்றுமை என்று எழுதின. பொய்யென்று சொல்ல முடியாது. பூரணத்தைப் போலத் தொண்டை கிழிய 'அவர்களின் காணியை அவர்களுக்கே கொடு' என்று கத்தியவர் அங்கே வேறு யாரும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகச் செல்வநாயகிக்குக் கிடைத்த ஆதரவுகளில் மிகவும் உண்மையானது, அவர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று விரும்பியவர்களுடையதுதான்.

ஓர் அதிகாரி வாசலுக்கு வந்து, மேலிடத்துக்கு அறிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது. கூட்டம் கலையத் தொடங்கியபோது பூரணம் முட்கம்பியடிக்கு வந்து செல்வநாயகிக்குப் பக்கத்தில் நின்றார்.

"எது உங்கடை?"

செல்வநாயகி கையைக் காட்டினார். பற்றைக்கு அங்காலே, இரண்டு தென்னைக்கு நடுவில், சுவர் வெள்ளையடித்து நின்றது. கொடியில் யாருடையதோ உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

பூரணம் குடையைச் சரித்து நெடுநேரம் பார்த்தார். இத்தனை நாளும் அவர் கற்பனை செய்திருந்த வீடு இதுவல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அவருடைய சொந்த வீட்டுக்கு இவ்வளவு விறாந்தை இல்லை.

"நல்ல பெரிய வீடாக் கிடக்கு," என்றார். "காத்தும் வரும் என்ன? கடலும் கிட்ட."

"ஓம்."

"காணி எத்தினை பரப்பு?"

செல்வநாயகி ஓர் அடி நகர்ந்து, பூரணத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.